ஒற்றை வாய் லேப்டாப்

அத்தியாயம் 9

அழுகிற பெண்ணைப் பார்த்தால் ஓஸ்மெலுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இடால்மிஸுக்கு எரிச்சல்தான் வரும்.

"அழறதா இருந்தா பால்கனிக்குப் போ. இங்க கீபோர்டு இருக்கு, தண்ணி பட்டா போச்சு," என்றாள் இடால்மிஸ்.

மாய்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பத்து மூன்று வயது. பேக்கரியில் விடிய விடிய மாவு பிசைந்துவிட்டு நேராக வந்திருந்தாள். முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. அவளுடைய தம்பி டாரியெல் இரண்டு நாளாகக் காவல் நிலையத்தில் இருக்கிறான். நெமேசியோ என்கிற அறுபது வயதுக்காரரை இஸ்திரிப் பெட்டியால் மண்டையில் அடித்துக் கொன்றதாகச் சந்தேகம். இன்று சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு முடிவெடுப்போம் என்று லெப்டினன்ட் மசேடா சொல்லியிருக்கிறார். முடிவு என்று போலீஸ் சொன்னால் அது என்ன முடிவாக இருக்கும் என்பது ஹவானாவில் யாருக்கும் தெரியும். சுவர் உயரமான பெரிய ஜெயிலுக்கு வண்டி ஏற்றுவார்கள்.

"நெமேசியோ வீட்டுக்கு யார்தான் போகலை மேடம்?" என்றாள் மாய்லின். "அவர் வீடு மகப்பேறு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி. ஆஸ்பத்திரி லைன்ல கரன்ட் போகவே போகாது. பாதித் தெரு அங்கதான் சார்ஜ் போடும். அஞ்சு பேரைப் பிடிச்சாங்க. நாலு பேர் வேற இடத்துல இருந்ததுக்குச் சாட்சி இருக்குன்னு விட்டுட்டாங்க. இவன் மட்டும் வீட்ல தனியா உக்காந்து வாரப் பொட்டலம் காப்பி பண்ணிக்கிட்டு இருந்தேங்கிறான். தனியா இருந்தவனுக்கு சாட்சிக்கு எங்க போறது?"

வாரப் பொட்டலம் டாரியெலின் பிழைப்பு. அந்த வாரத்துத் தொடர்கள், சினிமா, பேஸ்பால் ஆட்டம் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கைமாறி வரும். அதை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு, சைக்கிளில் வீடு வீடாகப் போய் வேண்டியவர்களுக்கு இறக்கிக் கொடுப்பான். இன்டர்நெட்டில் இழுத்தால் ஒரு தொடர் வந்து சேர்வதற்குள் கதாநாயகிக்குப் பேரன் பிறந்துவிடும்.

அந்த லேப்டாப்தான் மேசை மேல் கிடந்தது. அதில் ஒன்றும் இல்லை என்று போலீஸே திருப்பிக் கொடுத்துவிட்டது. கூடவே அந்த ஹார்ட் டிஸ்க்கும் சார்ஜரும்.

"எங்க அத்தை அமெரிக்காவுல டாம்பாவிலேர்ந்து மூணு வருஷம் முன்னாடி அனுப்பினது. பாருங்க, எவ்வளவு மெலிசு. பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கு அவன் அழுதுட்டான்."

இடால்மிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அதைக் கையில் எடுத்துப் புரட்டினாள். இருபது வருடம் போலீஸில் விசாரணை அதிகாரியாக இருந்தவள். மேலதிகாரி ஒருவரை முட்டாள் என்று எழுத்து மூலமாகத் தெரிவித்ததால் வெளியே வந்து, இப்போது தனியாகத் துப்பறிகிறவள்.

"ஒரே ஒரு போர்ட்தான் இருக்கு."

"ஆமா மேடம். சார்ஜர் போடறதும் அதுல, டிஸ்க் போடறதும் அதுல. ரெண்டையும் சேர்த்துப் போட ஒரு குட்டிப் பெட்டி வாங்கியிருந்தான். போன வாரம் கரன்ட் திடீர்னு கூடி வந்து அது கருகிடுச்சு. வேற கிடைக்கலை."

"மெலிசா செய்யறோம்னு எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டானுங்க," என்றான் ஓஸ்மெல். "சாப்பிடறதும் அதே வாய், பேசறதும் அதே வாய். பாவம், சாப்பிடும்போது பேச முடியாது."

"உனக்கும் ஒரு வாய்தான். நீ என்னிக்கு நிறுத்தினே?" என்றாள் இடால்மிஸ்.

ஓஸ்மெல் சிரித்தான். அவன் மூன்று சக்கர சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவன். ஆறு வருடமாக இடால்மிஸை ஏற்றி மிதிக்கிறான். மிதித்த நேரம் போக மீதி நேரத்தில் திட்டு வாங்குகிறான். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மாய்லின் இந்தப் படியேறி வந்த நேற்றிலிருந்து அவனுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

"சாப்பாடு கொண்டு போகணும்," என்று மாய்லின் எழுந்தாள். "ஸ்டேஷன் வாசல்லயே நிக்கறேன். ஏதாவது கிடைச்சா..."

"கிடைச்சா நானே வந்து சொல்றேன். கிடைக்கலைன்னாலும் நானே வந்து சொல்றேன். கிளம்பு."

அவள் போன பிறகு இடால்மிஸ் ஒரு காகிதத்தைப் பிரித்தாள். மசேடா ஒரு காலத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர். அந்த மரியாதைக்காக, நெமேசியோ அறையில் இருந்த பொருள்களின் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்ள விட்டிருந்தார்.

"இதைக் கேளு. வேலை செய்யற பிளக் அறையில ஒண்ணே ஒண்ணு. ரைஸ் குக்கர், உள்ள சோறு பாதி வெந்தது. வயர் பிளக்கிலேர்ந்து பிடுங்கியிருக்கு. செத்த நேரம் வியாழக்கிழமை சாயங்காலம் நாலுக்கும் நாலரைக்கும் நடுவுல. கரன்ட் போகாத வீட்ல சோறு ஏன் பாதியில நிக்கணும்?"

"பசி போயிருக்கும்."

"செத்தப்புறம் எழுந்து பிடுங்கினாரா?"

ஓஸ்மெல் தலையைச் சொறிந்தான். இடால்மிஸ் லேப்டாப்பைத் திறந்து, வியாழக்கிழமை ஏறிய கோப்புகளை நேர வாரியாக அடுக்கச் சொன்னாள். அந்த மாதிரி வேலையெல்லாம் ஓஸ்மெல்தான் செய்வான். அவளுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது, கொலைகாரனைத்தான் பிடிக்கத் தெரியும்.

பட்டியல் வந்தது. மூன்று பத்துக்குக் காப்பி ஆரம்பம். மூன்று முப்பத்தெட்டுக்கு நிற்கிறது. நான்கு ஐந்துக்கு மறுபடி ஆரம்பம். நான்கு பதினொன்றுக்கு ஒரு தொடரின் நடுவில் பாதியில் அறுந்திருக்கிறது. நான்கு நாற்பதுக்கு மறுபடி ஆரம்பித்து, ஐந்து எட்டுக்கு எல்லாம் முடிகிறது.

"போலீஸ் இதைப் பார்த்துட்டு, காப்பி அது பாட்டுக்கு ஓடும், ஆள் வெளிய போய்க் கொன்னுட்டு வரலாம்னு தூக்கிப் போட்டுட்டாங்க," என்றாள் இடால்மிஸ். "முழுசா சார்ஜ் ஏத்து. டிஸ்க்கை மாட்டி ஓட விடு. எத்தனை நிமிஷம் தாங்குதுன்னு பாப்போம்."

சார்ஜ் ஏறும் வரை ஓஸ்மெல் குடிக்கக் காப்பி போட்டான். பிறகு டிஸ்க்கை மாட்டினார்கள். டிஸ்க்குக்கும் லேப்டாப்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பேட்டரியோ கிழடு தட்டியது. கண்ணெதிரே எண் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பத்து நான்காவது நிமிடம் திரை இருண்டது.

ஓஸ்மெல் திரையையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

"தலைவி, பையன் தப்பிச்சான். முப்பத்து நாலு நிமிஷத்துக்கு மேல இது தானா ஓடாது. காப்பி முடிய ரெண்டு மணி நேரம் ஆயிருக்கு. அப்போ நடுவுல டிஸ்க்கைப் பிடுங்கணும், சார்ஜரைச் சொருகணும், கொஞ்ச நேரம் காத்திருக்கணும், திரும்ப டிஸ்க்கைச் சொருகணும். ரெண்டு போர்ட் இருந்திருந்தா அது பாட்டுக்கு ஓடியிருக்கும், யாரும் பக்கத்துல இருக்க வேண்டியதில்லை. ஒண்ணே ஒண்ணு இருந்ததால ஒரு ஆள் பக்கத்துலயே உக்காந்தாகணும். எல்லாரும் திட்டற அந்த ஒத்தை ஓட்டைதான் சாட்சி."

 இடால்மிஸ் விரலால் பட்டியலில் ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இருபத்தெட்டு நிமிஷம் ஓடியிருக்கு. அப்புறம் இருபத்தேழு நிமிஷம் சார்ஜருக்கு விட்டிருக்கான். அப்புறம் ஆறே நிமிஷத்துல செத்துடுச்சு. இருபத்தெட்டும் ஆறும் எவ்வளவு?"

"முப்பத்து நாலு."

"அப்படின்னா அந்த இருபத்தேழு நிமிஷத்துல பொட்டு கரன்ட் உள்ள போகலை. சார்ஜர் சொருகியிருக்கு, கரன்ட் வரலை."

"நடுவுல கரன்ட் போயிருக்கும் தலைவி. அதுல என்ன அதிசயம்?"

"அதைத்தான் போய்க் கேக்கணும். வண்டியை எடு. நான் சொல்ற வரைக்கும் இந்த விஷயத்தை யார்கிட்டயும் மூச்சு விடாதே."

இடால்மிஸ் வீடு இருக்கும் செர்ரோவிலிருந்து டாரியெல் குடியிருக்கும் தெருவுக்கு இருபது நிமிட மிதி. வெயிலில் ஓஸ்மெல் பாடிக்கொண்டே மிதித்தான். இடால்மிஸ் பின்னால் குடை பிடித்து, யாரையோ புதைக்கப் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நல்ல செய்தியே ஆகாது என்று ஓஸ்மெல் நினைத்துக்கொண்டான்.

டாரியெல் வீட்டுக்கு மேல் மாடியில் ஒர்தென்சியா என்பவள் கண்ணாடித் தம்ளரில் பழச்சாற்றை உறைய வைத்து விற்கிறாள். அந்தத் தெருவில் எப்போது கரன்ட் போயிற்று, எப்போது வந்தது என்று நிமிடக் கணக்கில் தெரிந்தது அவளுக்குத்தான். இடால்மிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஓஸ்மெல் கீழே வண்டிக்குக் காவல் நின்றான்.

அப்போதுதான் அவன் போன் அடித்தது. மாய்லின்.

"மணி பன்னெண்டே முக்கால் ஆயிடுச்சு. ஜெயில் வண்டி வந்து வாசல்ல நிக்குது. ஏதாவது இருக்கா? இல்லைன்னாவது சொல்லிடுங்க."

ஓஸ்மெல் மாடியை நிமிர்ந்து பார்த்தான். ஒரு நிமிடம் அடக்கிக்கொண்டான். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எந்த மனுஷனால் அதற்கு மேல் அடக்க முடியும்?

"இருக்கு மாய்லின். அழாதீங்க. உங்க தம்பி பக்கத்துலயே உக்காந்துதான் காப்பி பண்ணியிருக்கான். லேப்டாப்பே சொல்லுது." எல்லாவற்றையும் விளக்கினான். பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பினான். ஆறு நிமிட விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான். அது என்னவென்று அவனுக்கே புரியவில்லை.

மறுமுனையில் அவள் சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. "உங்களை வாழ்நாள் பூரா மறக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஓஸ்மெலுக்குக் காது வரை சூடேறியது.

இடால்மிஸ் இறங்கி வந்தாள். கையில் ஒரு சிவப்புத் தம்ளர். அதை அவனிடம் நீட்டினாள்.

"சாப்பிடு. இப்போ நான் சொல்லப் போறதுக்கு உனக்கு ஏதாவது குளிர்ச்சியா வேணும். வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு இந்தத் தெருவுல கரன்ட் போச்சு. ஆறு நாற்பதுக்கு வந்துச்சு. நடுவுல வரவேயில்லை. முப்பத்து நாலு தம்ளர் உருகிடுச்சாம், இன்னும் திட்டிக்கிட்டு இருக்கா."

ஓஸ்மெல் தம்ளரை வாய்க்குக் கொண்டு போகவில்லை. "அப்போ நாலு பதினொண்ணுக்கும் நாலு நாற்பதுக்கும் நடுவுல எப்படி சார்ஜ் ஏறிச்சு?"

"இங்க ஏறலை. கரன்ட் போகாத இடத்துல ஏறிச்சு."

அவன் தம்ளரை வண்டி சீட்டில் வைத்தான்.

"டாரியெல் நெமேசியோ வீட்ல உக்காந்து காப்பி பண்ணியிருக்கான். முதல் தடவை சார்ஜரை மாட்டிட்டு அவன் வெளிய காத்து வாங்கப் போயிருப்பான். நெமேசியோ அதைப் பிடுங்கிட்டு ரைஸ் குக்கரைச் சொருகியிருப்பார். பிளக் ஒண்ணுதானே, மனுஷனுக்குப் பசிக்காதா? இவன் வந்து பார்க்காம டிஸ்க்கை மாட்டினான். ஆறு நிமிஷத்துல மெஷின் செத்துடுச்சு, பாதித் தொடர் நாசம். திரும்பிப் பார்த்தா குக்கர் கொதிச்சுக்கிட்டு இருக்கு. பக்கத்துல இஸ்திரிப் பெட்டி." இடால்மிஸ் குடையை மடக்கினாள். "இதை அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் காலையிலேர்ந்து... என்ன முழிக்கறே?"

ஓஸ்மெல் தரையைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

"ஜெயில் வண்டி வந்துடுச்சுன்னு அழுதா தலைவி."

இடால்மிஸ் திட்டவில்லை. அவள் திட்டாததுதான் ஓஸ்மெலைப் பயமுறுத்தியது. அவன் மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது.

காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் மாய்லின் ஓடி வந்து ஓஸ்மெலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டிய கை. "எல்லாம் சொல்லிட்டேன். போட்டோவும் காட்டிட்டேன். லெப்டினன்ட் உடனே அவனைக் கூட்டிட்டு வந்து வாக்குமூலம் எழுதிட்டார்."

"வாழ்த்துக்கள்," என்றாள் இடால்மிஸ் ஓஸ்மெலிடம், தணிந்த குரலில்.

மேசைக்கு அந்தப் பக்கம் மசேடா. சாவகாசமாகப் பேசுகிற மனிதர். அதனால் அவரை மந்தம் என்று பலர் நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். எதிரே டாரியெல். இருபத்து நாலு வயது, லட்சணமான முகம். இரண்டு நாள் தாடியோடு அக்காவைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தான்.

"வாங்க மேடம்," என்று மசேடா எழுந்து நாற்காலி போட்டார். "உங்க கண்டுபிடிப்பு பிரமாதம். எங்களுக்குத் தோணவேயில்லை. தம்பியும் ஒத்துக்கிட்டார். படிக்கறேன் கேளுங்க. 'வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து பத்து வரை என் வீட்டில் லேப்டாப் பக்கத்திலேயே இருந்தேன். சார்ஜரை மாட்டியதும் எடுத்ததும் நானே, என் கையால். வேறு யாரும் அதைத் தொடவில்லை.' கையெழுத்தும் போட்டாச்சு. ஒரே ஒரு சின்ன சந்தேகம் தம்பி. எந்த பிளக்ல மாட்டினீங்க?"

"வீட்ல, கட்டில் பக்கத்துல."

"நானும் உங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன். நமக்கெல்லாம் ஒரே லைன். வியாழக்கிழமை மத்தியானம் எங்க வீட்டு ஃபிரிஜ்ல இருந்த கோழி கெட்டுப் போய், என் பொண்டாட்டி இன்னும் என்கிட்ட பேசலை." இடால்மிஸ் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க அந்தத் தெருவிலேர்ந்துதான் வர்றீங்கன்னு நினைக்கறேன். எங்க வீட்ல மட்டும்தான் கரன்ட் போச்சா?"

மாய்லின் இடால்மிஸைப் பார்த்தாள். என்னவோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்னவென்றுதான் தெரியவில்லை. ஒரு பொய் சொல்லிவிடு தாயே என்று ஓஸ்மெல் மனசுக்குள் கெஞ்சினான்.

"ஒன்றரையிலேர்ந்து ஆறு நாற்பது வரைக்கும் இல்லை," என்றாள் இடால்மிஸ்.

டாரியெலின் புன்னகை முகத்தில் இருந்தபடியே செத்துப்போனது.

மசேடா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வெளியே வைத்தார். "இது என்ன தெரியுமா தம்பி? உங்களை விடுதலை பண்ற உத்தரவு. காலையிலேயே எழுதி வச்சுட்டேன். கையில ஒரு சாட்சியும் இல்லை. ரெண்டு மணிக்கு மேல உங்களை வச்சிருக்க எனக்கு அதிகாரம் கிடையாது. வாசல்ல நிக்கற வண்டி வேற ஒரு திருடனுக்கு வந்தது." அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

ஓஸ்மெல் குப்பைக் கூடையையே பார்த்தான். பேசாமல் இருந்திருந்தால் இன்னும் முக்கால் மணி நேரத்தில் பையன் வீட்டுக்குப் போயிருப்பான். கொலைகாரன்தான், ஆனால் அவளுடைய தம்பி.

டாரியெல் அக்கா பக்கம் திரும்பினான்.

"உன்னை யாரு கேட்டா?" என்றான். "உன்னை யாருக்கா துப்பறியச் சொன்னது? சும்மா வீட்ல கெடந்திருந்தா நான் சாயங்காலம் வந்திருப்பேன்ல. எல்லாத்தையும் நீதான் கெடுத்தே."

மாய்லின் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மேசையோரம் உட்கார்ந்தாள்.

"நாலு பதினொண்ணுக்கு அவரை அடிச்சே," என்றாள் இடால்மிஸ். அவள் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "குக்கரைப் பிடுங்கிட்டு உன் சார்ஜரை மாட்டினே. நாலு நாற்பது வரைக்கும் ஏறிச்சு. அப்புறம் அஞ்சு எட்டு வரைக்கும் காப்பி. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நெமேசியோ உடனே சாகலைன்னு டாக்டர் எழுதியிருக்கார். ரோட்டைத் தாண்டினா ஆஸ்பத்திரி."

"போதும் தலைவி," என்றான் ஓஸ்மெல்.

மாய்லின் கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். தம்பியின் முகத்தையே பார்த்தாள். அம்மா போன பிறகு பதினான்கு வருடம் அவள் வளர்த்த முகம்.

"அந்த நேரம் பூரா நீ அங்கயேவா உக்காந்திருந்தே? அவர் பக்கத்துலயா?"

டாரியெல் எரிச்சலோடு தோளைக் குலுக்கினான். புரியாத ஒருத்திக்கு எத்தனை தடவைதான் சொல்வது என்கிற எரிச்சல்.

"பின்ன என்னக்கா பண்றது? சார்ஜ் ஏற வேண்டாமா?"

மசேடாவின் பேனா ஓடியது. அந்த வரியை எழுதி முடித்துவிட்டு அவர் இன்னொரு தாளை மாய்லின் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தப் பட்டியல் போட்டோவை என்கிட்ட கொண்டு வந்து கொடுத்தது நீங்கன்னு ஒரு கையெழுத்து வேணும்மா. கட்டாயம் இல்லை. நீங்க கூடப் பொறந்தவங்க, மறுக்கலாம். மறுத்தா இதைக் கோர்ட்ல நிக்க வைக்கறது கொஞ்சம் கஷ்டம்தான்."

"போடாதே," என்றான் டாரியெல்.

மாய்லின் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முழங்கை மாவைப் பாவாடையில் நன்றாகத் துடைத்தாள். ஓஸ்மெல் நீட்டிய பேனாவை வாங்காமல், லெப்டினன்ட் கையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, தன் முழுப் பெயரையும் எழுதினாள்.